அலைப்பலகையின் செட்டை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக்கரையை நாங்கள் படுவான்கரை என்று வழங்குவோம். ஞாயிறு படுகின்ற திசையிலுள்ள கரை என்பது அதன் பொருள். அக்கரையிலே, முருகன் கோயிலாற் பெயர்பெற்ற மண்டூரில் வாழ்பவன் நான். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் எங்கள் வாவி அலையறியாத நீர். கோலூன்றியே தோணி விடலாம். இத்தகைய ஊரிலிருந்து வரும் ஒரு பாடசாலை அதிபர், கடலலையின்மேற் சறுக்கி விளையாடும் பலகையைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். முழுப்பலகையைப் பற்றியும் அன்று. அதன் அடியிலே, வாற்புறத்திற் பதிக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஆவணி மாதத்தில், உறவினர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டுப் பொத்துவிலுக்குச் சென்றிருந்தேன். மறுநாட் காலையில் அறுகம்குடாப் பாலத்தைக் கடந்து, உல்லைக் கிராமத்துக் கடற்கரை வீதியில் நடந்துகொண்டிருந்தபோது, "சேர்!" என்று ஒரு குரல் கேட்டது. கிடுகு வேய்ந்த கொட்டகையொன்றின் வாயிலிலே, முழங்கை வரையில் வெண்தூள் படிந்த ஓர் இளைஞன் நின்றான். ஒரு காலத்தில் என்னிடம் வரலாறு படித்தவன். படித்தவன் என்பதிலும், இடாப்பிற் பெயர் இருந்தவன் என்பதே பொருந்தும். வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டான், வந்த நாட்களிலும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் போதாது' என்று என் கையாலேயே எழுதியிருக்கின்றேன்.

கொட்டகையினுள்ளே, இரண்டு மரக்குதிரைகளின்மேல், வயிறு மேலாகக் கிடந்தது ஒரு பலகை. ஒன்பதரை அடி நீளம். ஒன்பது அடியும் அதற்கு மேலும் உள்ள இவ்வகைப் பலகைகளைக் கடற்கரையில் 'லோங்போட்' என்பர். நாம் நெடும்பலகை என்று கொள்வோம். பலகை என்பது பெயரளவிலேதான். உள்ளே இருப்பது இறுகிய செயற்கை நுரை. நடுவே தலை முதல் வால் வரை மெல்லிய மரச்சட்டம் ஒன்று முள்ளந்தண்டுபோல ஓடும். இவையெல்லாவற்றையும் மூடியிருப்பது, கண்ணாடியிழைத் துணியை றெசினில் தோய்த்து இறுகவைத்த ஓடு. வாற்புறத்தில், அடிப்பக்கமாக, மீனின் செட்டை போன்ற ஒன்று நிற்கும். அதன் உயரம் பெரும்பாலும் ஒன்பது அல்லது பத்து அங்குலம். அது பலகையோடு ஒட்டப்பட்டதன்று. முள்ளந்தண்டின் வழியே, பத்தரை அங்குல நீளத்துக்கு, ஏறத்தாழ ஓர் அங்குல ஆழமுள்ள ஒரு பிளாஸ்ரிக் தொட்டியைப் புதைத்திருப்பார்கள். செட்டையின் அடி அத்தொட்டியில் இறங்கி, பின்புறம் ஒரு பித்தளை ஊசியாலும் முன்புறம் ஒரு திருகாணியாலும் நிற்கும். அதுவே செட்டைப் பெட்டி.

ஓர் அங்குலக் குழியில் நட்ட பத்தங்குலக் கம்பை ஒருவன் நுனியிற் பிடித்து அசைத்தால் என்ன நிகழும் என்பதை, வேலியடைத்துப் பழகிய எவரும் அறிவர். அப்பலகைக்கு நிகழ்ந்ததும் அதுவே. அலை ஓய்ந்த இடத்தில் செட்டை பாறையில் மோதியிருக்கின்றது. செட்டை உடையவில்லை. பெட்டியின் ஒரு பக்கச்சுவர் பிளந்து, சுற்றியிருந்த ஓடும் கீறிவிட்டது. கீறலின் ஓரத்தில் நுரை தேயிலைச் சாயம்போல நிறம் மாறியிருந்தது.

"இதற்கு மேலால் றெசினைப் பூசிவிட்டால் ஆகாதா?" என்று கேட்டேன்.

"மேலால பூசினா ரெண்டு நாளைக்கு நிக்கும் சேர். உள்ளுக்குத் தண்ணி நிக்கிது. முதல்ல பெட்டியக் கிண்டி எடுக்கணும், பிறகு அஞ்சாறு நாள் காயணும்."

"செட்டையைக் கழற்றக்கூடியதாக எதற்காகச் செய்தார்கள்? ஒட்டியே விட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே?"

அவன் சிரித்தான். "அது தெரியா சேர். வரலாறு நீங்கதானே."

அவன் ஏளனமாகச் சொல்லவில்லை. ஆயினும் பேருந்தில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அச்சொல் என்னை உறுத்தியது. அடுத்த வாரம் பலகை காய்ந்ததும் வருவேன் என்று கூறியிருந்தேன். அதற்கிடையில் தேடிப் படித்து அறிந்தவற்றையே இனிக் கூறுகின்றேன்.

ஹவாய்த் தீவுகளின் மக்கள் நெடுங்காலமாகப் பலகையேறி அலைமேற் சென்றவர்கள். தலைவர் குலத்தார்க்குரிய நீண்ட கனத்த பலகைக்கு ஓலோ என்றும், மெல்லிய குறும்பலகைக்கு அலாயா என்றும் பெயர். இவற்றுள் எதற்கும் செட்டை இல்லை. உடலைச் சாய்த்தும் காலை நீரில் இழுத்தும் திசை திருப்பினர். 1820 ஆம் ஆண்டு முதல் வந்த மதகுருமாரின் கண்டிப்பும், அதனினும் கொடியனவாய் வெளியிலிருந்து வந்த நோய்களும் அம்மக்களையும் அவர்தம் விளையாட்டையும் மெலிவித்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் தளிர்த்தது. 1912 ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலிற் பொற்பதக்கம் வென்ற டியூக் கஹனமோக்கு என்னும் ஹவாய் வீரர், 1914 ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் சிட்னிக் கடற்கரையில் இக்கலையைக் காட்டினார். அவர் ஏறிய பலகைக்கும் செட்டை கிடையாது.

செட்டையில்லாத பலகைக்கு ஒரு குறை உண்டு. செங்குத்தான அலையின் சரிவிலே குறுக்காகச் செல்ல முற்பட்டால் வால் பிடியிழந்து பக்கவாட்டில் வழுக்கும், ஏறியவன் கவிழ்வான். இக்குறைக்கு இருவகையில் விடை தேடினர். 1937 ஆம் ஆண்டளவில் ஹொனலூலு இளைஞர் சிலர், பலகையின் வாலைச் செதுக்கிக் குறுக்கி, அடியை ஆப்பு வடிவாக்கி, நீருக்குள் ஆழ அமரும்படி செய்தனர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1935 இல், டொம் பிளேக் என்னும் அமெரிக்கர் வேறொரு வழியைக் கண்டிருந்தார். கைவிடப்பட்ட விசைப்படகொன்றின் அடிக்கட்டையிலிருந்து, ஓரடி நீளமும் நாலங்குல ஆழமும் உள்ள உலோகத் தகட்டை எடுத்துத் தம் பலகையின் வாலிற் பொருத்தி வைக்கிக்கிக் கடலில் இறங்கினார் என்பர். வால் வழுக்கவில்லை. அன்று பிறந்தது பலகையின் செட்டை. ஆயினும் அது பரவப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. செட்டையில்லாமற் செலுத்துவதே திறமை என்று எண்ணியோர் பலர் இருந்தனர் போலும்.

இங்கே ஒரு கிளைக்கதை. 'அலைச்சறுக்கு நம் முன்னோர் கண்டது. கட்டுமரமே அதற்குச் சான்று' என்று விழா மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கின்றேன். வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் அதனை நான் ஏற்கமாட்டேன். சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைக் கண்ட வில்லியம் டம்பியர் 1697 இல் வெளியிட்ட தம் பயண நூலில் அச்சொல்லைப் பதிந்தார், அது ஆங்கிலத்திற் குடியேறியது, இவை மெய். நம்மவர் கட்டுமரத்தில் அலையைக் கடந்து சென்றதும் அலைமேல் ஏறிக் கரை சேர்ந்ததும் மெய். அது அவர்க்குப் பிழைப்பு, விளையாட்டு அன்று. ஆனால் டொம் பிளேக் எதிர்கொண்ட அதே இடரை நம்மவரும் எதிர்கொண்டனர். தட்டையான அடியையுடைய மிதவை பாய்விரித்துச் செல்லும்போது காற்று அதனைப் பக்கவாட்டில் தள்ளும். அதனைத் தடுக்க ஒரு பலகையைச் செங்குத்தாக நீருள் இறக்குவர். இலங்கை முத்துக்குளிப்புத் துறையிற் பணியாற்றிப் பின்னர் சென்னை மாகாண மீன்பிடித்துறைப் பணிப்பாளரான ஜேம்ஸ் ஹோர்னெல், 1920 இல் இந்தியப் படகுகளைப் பற்றி விரிவாக எழுதியவர், இத்தகைய அமைப்புக்களைக் கூர்ந்து நோக்கியவர். அப்பலகை வேண்டும்போது இறக்கவும், ஆழங்குறைந்த நீரில் ஏற்றிவிடவும் கூடியது. கழற்றக்கூடிய செட்டை என்னும் எண்ணம் இங்கு பழையது. இங்கிருந்து அங்கு சென்றது என்று நான் கூறவில்லை. ஒரே இடர் இரு கடலில் ஒரே வகையான விடையைப் பெற்றது, அவ்வளவே.

சொல் மட்டும் விந்தையாக அலைந்தது. நம் கட்டுமரம் பல மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒற்றை மிதவை. ஆங்கிலத்திலோ அப்பெயர் இரட்டை ஓடமுள்ள படகுக்கு வழங்கலாயிற்று. 1947 இல் ஹவாயில் அத்தகைய நவீன இரட்டைப் படகொன்றைக் கட்டியவர்களுள் வூடி பிரௌன் என்பவர், செட்டையில்லாப் பலகையிற் பேரலையேறிய அதே குழுவைச் சேர்ந்தவர்.

இனிப் பெட்டிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின் பின்னர் கண்ணாடியிழையும் றெசினும் பொதுமக்கள் கைக்கு வந்தன. பல்சா என்னும் நொய்ய மரத்தாற் செய்த பலகையைக் கண்ணாடியிழையால் மூடி, செட்டையையும் அதனோடு சேர்த்து ஒட்டினர். 1950 ஐ ஒட்டிய காலத்தில், ஹவாயில் ஜோர்ஜ் டவுனிங் என்பவர் பேரலைக்கெனச் செய்த தம் பலகையில், செட்டையைக் கழற்றி மாற்றத்தக்கதாக ஒரு பொருத்துக்குழி அமைத்தார். சிறிய அலைக்கு ஒன்று, பெரிய அலைக்கு ஒன்று என மாற்றிப் பார்க்க அவர் விரும்பினார். என் மாணவன் விடையறியாதிருந்த வினாவுக்கு முதல் விடை இதுதான்.

1958 இல் கலிபோர்ணியாவில் ஹோபி ஓல்டரும் கோர்டன் கிளார்க்கும் பொலியூரித்தேன் நுரையை வார்த்துப் பலகை செய்யும் முறையை நிலைநாட்டினர். அடுத்த ஆண்டு வெளிவந்த 'கிட்ஜெற்' என்னும் திரைப்படம் இளைஞரைக் கடற்கரைக்குத் திரட்டிற்று. பலகைகள் கடைச்சரக்காயின, ஊர்திகளிலும் கப்பல்களிலும் ஏறின. நீட்டி நிற்கும் செட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் முறிந்தது. ஆகவே வணிகமும் கழற்றும் செட்டையை வேண்டியது. 1960களின் நடுப்பகுதியில் டொம் மோரியும் கார்ல் போப்பும் ஒரு பொருத்துமுறையை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதே காலத்தில் ஜோர்ஜ் கிரீனோ என்பவர், சூரை, ஓங்கில் முதலியவற்றின் செட்டையை நோக்கி, குறுகிய, வளையும் தன்மையுள்ள செட்டைகளைச் செய்து, செட்டையின் வடிவமும் அது நிற்கும் இடமும் பலகையின் போக்கையே மாற்றும் என்று காட்டினார். 1966 இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் அவுஸ்திரேலியரான நாட் யங் வென்றபோது, அவரது பலகையிலே கிரீனோவின் கருத்து இருந்தது. செட்டையை அரை அங்குலம் முன்னே தள்ளினால் பலகை எளிதிற் திரும்பும். பின்னே தள்ளினால் நேர்வழி பிடிக்கும். இதனை ஒரே பலகையிற் செய்து பார்க்க, நீண்ட குழியில் முன்பின் நகரும் செட்டை வேண்டும். பில் பானி என்பவரின் நெடும்பெட்டி அதனைத் தந்தது. உல்லையில் நான் பார்த்ததும் அக்குலத்தைச் சேர்ந்த பெட்டியே. கலிபோர்ணியாவிற் செய்த பெட்டிக்குச் சிட்னியில் வாங்கிய செட்டை பொருந்தும். திருகாணி தொலைந்தால் உல்லையில் வாங்கலாம்.

ஆனால் இவ்வசதிக்கு விலை உண்டு. ஒட்டிய செட்டை தன் மேல் விழும் அடியை ஓட்டின் அகன்ற பரப்புக்குப் பகிர்ந்துவிடும். பெட்டியோ முள்ளந்தண்டை அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றது. அடி முழுவதையும் அச்சிறு குழியின் இரு சுவர்களே தாங்கவேண்டும். பெட்டியைப் பழுதுபார்ப்பவன் உண்மையிற் பழுதுபார்ப்பது அச்சுவர்களுக்கும் மரச்சட்டத்துக்கும் இடையிலுள்ள பிடிப்பையே.

கண்ணாடியிழை நம் கரைக்கு வந்தது விளையாட்டுக்காக அன்று, மீன்பிடிக்காக. 1960களின் பிற்பகுதியில், நோர்வே நாட்டவரின் உதவியோடு காரைநகரிலே சீநோர் நிறுவனம் தோன்றி, அங்கு கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. படிப்படியாக மரத்தோணியின் இடத்தை 'பைபர் போட்' பிடித்தது. மரத்தோணிக் காலத்தை நான் சிறிது அறிவேன். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியில் எங்கள் பாட்டனாரின் தோணி தென்னந்தோப்பினுள்ளே தூக்கியெறியப்பட்டுக் கிடந்தது. அதனைச் செப்பனிட வந்த முதிய ஓடாவி முதல் நாள் உளியையே எடுக்கவில்லை. பிளந்த பலகைகளை நீக்கி, தோணியைக் கவிழ்த்து நிழலிற் போட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளாகிய நாங்கள் ஒவ்வொரு காலையும் சென்று, எப்பொழுது முடிப்பீர்கள் என்று நச்சரித்தோம். "ஈரத்துக்கு மேல குங்கிலியம் புடிக்காது மனே" என்பார். நாட்கள் பல கழிந்த பின்னரே பஞ்சைத் திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பொருத்துக்களை அடைத்தார்.

அறுகம்குடாவுக்கு வெளிநாட்டு அலைச்சறுக்கு வீரர் வரத் தொடங்கியது 1970களில். போர்க்காலத்தில் வரவு குன்றியது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடற்கோள் அவ்வூரை அழித்தது. போர் 2009 இல் முடிந்தது. 2018 இல் அங்குள்ள பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் அமைத்தனர். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் தகுதிச்சுற்றுப் போட்டி ஒன்று அக்குடாவில் நடைபெற்றது. இவற்றையெல்லாம் செய்தித்தாளிற் படிக்கலாம். ஆனால் கடற்கோளின் பின் நிகழ்ந்த ஒன்றைப் பலர் மறந்துவிட்டனர். உதவியாக வந்து குவிந்த கண்ணாடியிழைப் படகுகளுட் பல தரங்குறைந்தவை. சில ஆண்டுகளிலேயே வெடித்தன, நீர் கசிந்தன. எங்கள் வாவிக்கு அப்பால், கல்லாற்றுக் கரையிலே, அப்படகுகளைத் திருத்தும் பட்டறைகளில் ஓயாத வேலை இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் மீண்டும் உல்லைக்குப் புறப்பட்டபோது வீட்டில் நகைத்தனர். கொட்டகையில் அப்பலகை காய்ந்திருந்தது. பெட்டி இருந்த இடத்தில் ஒரு குழி; அழுகிய நுரையைச் சுரண்டி வெண்மை தெரியும்வரை நீக்கியிருந்தான். குறைந்த இடத்தை முதலிற் புதிய நுரைத்துண்டாலும் றெசினாலும் நிரப்பி இறுகவைத்து, பின்னர் ஓர் அச்சுச்சட்டத்தைப் பொருத்தி, றவுட்டர் என்னும் குடைபொறியாற் புதிய பெட்டிக்கு அளவான குழியை வெட்டினான். புதுப் பெட்டியின் பளபளப்பான பக்கங்களை அரத்தாளினாற் கரடாக்கினான். வழுவழுப்பில் றெசின் பற்றாது. பெட்டியின் வாயை ஒட்டுநாடாவினால் மூடினான். இல்லையேல் றெசின் உள்ளே புகுந்து குழியையே அடைத்துவிடும். றெசின் இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்தான். செட்டையைச் செருகி, மூலைமட்டத்தை அணைத்துப் பிடித்து, இரு பக்கமும் செங்கோணம் வருகின்றதா என நோக்கினான். இறுகிய பின் கோணலைத் திருத்த வழியில்லை.

றெசினைக் கலக்குமுன் நுரையின் ஒரு துணுக்கைக் கிள்ளி, ஒரு சொட்டு றெசின் விட்டுப் பார்த்தான். ஏன் என்று கேட்டேன். பலகை நுரைகள் இருவகை. பொலியூரித்தேன் நுரைக்குப் படகுக்காரர் வழங்கும் பொலியெஸ்ரர் றெசின் ஆகும். பொலிஸ்ரைரீன் நுரையில் அதனை ஊற்றினால் நுரை நீரிலிட்ட சீனிபோலக் கரைந்துபோகும். அதற்கு எப்பொக்சி வேண்டும். அவன் உல்லைக்கு வந்த முதலாம் ஆண்டு, ஒரு கடையில் வேலை செய்தபோது, இதனை அறியாமல் ஊற்றிவிட்டான். கண்ணெதிரே பலகையில் ஒரு குகை விழுந்தது. இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போயிற்று. "படகில நுரை இல்லையே சேர். மாமா அதச் சொல்லித் தரல்ல."

"எந்த மாமா?"

"கல்லாத்துல போட் திருத்தினவர். நான் வெள்ளிக்கிழமையில பாதையேறி அங்கதான் போறது."

பாதை என்று எங்கள் பகுதியில் வாவியைக் கடக்கும் இழுவைப் படகைக் கூறுவோம். அவன் குருமண்வெளிக்குக் கடந்துபோன அவ்வெள்ளிக்கிழமைகளுக்கு நேரே நான் இடாப்பிற் சிவப்பு மையினாற் கோடிட்டிருக்கின்றேன். அதனை அவனிடம் கூறவில்லை. அவனுக்கும் நினைவிருந்திருக்கும்.

வெயில் ஏறுமுன் வேலையை முடிக்கவேண்டும் என்றான். சூட்டில் றெசின் விரைந்து இறுகும். ஆகையால் இறுகுமருந்தைக் குறைத்தே கலந்தான். குழியில் கண்ணாடியிழைத் துணியை விரித்து, றெசினை வார்த்து, பெட்டியை அமிழ்த்தினான். ஓரங்களில் றெசின் பொங்கி வழிந்தது. வழிந்தால்தான் உள்ளே வெற்றிடம் இல்லை என்பது தெரியும். இறுகிய பின் மட்டமாகத் தேய்த்து, பெட்டியின் விளிம்பையும் பழைய ஓட்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி இரண்டு துணிகளை, ஒன்றிலும் மற்றொன்று அகலமாக, மேலே போட்டான். மறுநாள் மீண்டும் தேய்த்து, வாயைத் திறந்தான்.

நான் ஊர் திரும்பும் வேளையில் செட்டையையும் திருகாணியையும் என் கையிலே தந்து, "நீங்க போடுங்க சேர்" என்றான். ஊசியைப் பெட்டியின் நடுவாயில் இறக்கிப் பின்னே தள்ளினேன். சிறு தகட்டைக் குழியிலிட்டு முன்னே நகர்த்தி, திருகாணியை அதனுட் செலுத்தி முறுக்கினேன். செட்டை அசையாது நின்றது. இன்னும் ஒருமுறை முறுக்கக் கையெடுத்தேன்.

"காணும் சேர். கூட இறுக்கினா பெட்டி வெடிக்கும்."